எழுத்து போட்டு முடிந்த பிறகு

கோடம்பாக்கம், 1958

அன்பு மனைவி மெஹராஜுக்கு சலாம். நான் சுகம். அத்தாவின் இருமல் தேவலையா?

நான் வசனம் எழுதிய படம் அடுத்த வாரம் திண்டுக்கல்லுக்கு வருகிறது. படம் தொடங்கும்போது போடும் எழுத்தில் என் பெயர் இல்லை; பேர்போன வேறொருவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். இங்கே இதெல்லாம் சகஜம். ஆனால் மகன் பெயரைத் திரையில் பார்க்கத்தான் அத்தா காத்திருக்கிறார். அவரிடம் சொல்லாதே. ஏதாவது சாக்குச் சொல்லி, எழுத்து போட்டு முடிந்த பிறகே கொட்டகைக்குள் கூட்டிப் போ.

கடைசியில் ரயிலடியில் கதாநாயகி, "செத்த நேரம் நில்லுங்க, முகத்தப் பாத்துக்கிறேன்" என்பாள். என்னை ரயிலேற்றிவிட்ட அன்று நீ சொன்னதுதான். கொட்டகையே அழும். நீ மட்டும் அழுதுவிடாதே, அது உன் வார்த்தை என்று அத்தா கண்டுபிடித்துவிடுவார்.

ஸ்டூடியோ வண்டி வந்துவிட்டது.

கிதர் முகம்மது