பருப்பு ஜலம்

மட்டாஞ்சேரி
8-6-1978

கண்ணு அப்பு,

பாட்டி எழுதறேன். விலாசம் மட்டும் அடுத்தாத்து கங்கா எழுதித் தருவா. உள்ளே எல்லாம் என் கைதான். உனக்கு உன் தாத்தா பேரை வச்சுட்டா. ஆம்படையான் பேரை நான் எப்படிச் சொல்றது? அதான் எனக்கு நீ அப்பு. அந்த மனுஷன் சாராயத்துக்காக என் வெண்கல உருளியைத் தூக்கிண்டு போனது இன்னும் நெஞ்சில் நிக்கறது. ஆவணி மாசம், வெள்ளிக்கிழமை. பாயசம் இறக்கின சூடுகூட ஆறலை.

ஜப்பானில் நீ சோளம் வேகவைக்கிற கம்பெனியில் இருக்கேன்னு கோவிலில் எல்லார்கிட்டேயும் சொல்லியிருக்கேன். அங்கே தினம் வர அம்மிணி, "அதைத் தின்னறது மாடா, மனுஷாளா?"ன்னு கேக்கறா. அவள் வாயை அடைக்கணும். என்ன பண்றேள்னு விவரமா எழுது. சித்திரையில் வா, பலாச்சுளை போட்டு சக்கைப் பிரதமன் வைக்கறேன்.

உன் பாட்டி
மீனாக்ஷி

ஜப்பான்
2-7-1978

அன்புள்ள பாட்டிக்கு,

நமஸ்காரம். சோளத்தை மாவாக்கிக் குழைய வேகவைக்கிறோம். முளைகட்டின பார்லி சேர்த்தால் இனிப்பாகும். அதைப் புளிக்கவைத்து, பல மாடி உயரத் தூணுக்குள் ஆவி விட்டு வடிக்கிறோம். பிறகு மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்கும்.

இனியும் மறைக்கக் கூடாது. அது விஸ்கி, பாட்டி. ஆனால் எங்களுடையது லேசு. தனியாகக் குடிப்பவர்கள் குறைவு. பார்லியில் மட்டும் செய்கிற காரமான விஸ்கிகளோடு கலப்பார்கள். உங்கள் ரசத்தில் பருப்பு ஜலம் மாதிரி, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து, கரகரப்பை அடக்கும். நான் குடிப்பதில்லை, முகர்ந்து பார்ப்பதோடு சரி.

சித்திரையில் வரலாமா?

உங்கள்
அப்பு

மட்டாஞ்சேரி
28-7-1978

வாஞ்சிநாதனுக்கு,

அடுக்களையில் நின்னுண்டே படிச்சேன். ரசம் பொங்கி அடுப்பை அணைச்சுடுத்து.

குடிக்கலைங்கறே. சரி. பருப்பு ஜலம்னியே, அதுதான் என்னைக் கொன்னுடுத்து. பருப்பு ஜலம் விடாத ரசத்தை இந்த ஆத்தில் யார் குடிச்சா? ஒரு வாய் வச்சுட்டுத் தள்ளிடுவா. அங்கேயும் காரம் தாங்காம கீழே வைக்கப் போறவனை, இன்னொரு வாய் குடிக்க வைக்கறது உன் கை. சாராயக் கடைக்காரன்கூட உன் தாத்தாவுக்கு அத்தனை உபகாரம் பண்ணலை.

அம்மிணி மறுபடி கேட்டாள். மாட்டுத் தீனிதான்னு சொல்லிட்டேன்.

சித்திரையில் வந்தா எர்ணாகுளத்தில் லாட்ஜ் இருக்கு.

இத்தனை வருஷம் வாயில் வராத பேரை மேலே எழுதியிருக்கேன். அப்புன்னு கூப்பிட எனக்கு இனிமே ஆள் இல்லை.

மீனாக்ஷி