கதவுக்கு வைக்காத பொட்டு

மர்பி டவுன்,
பெங்களூர்.
16 அக்டோபர் 2002

அன்புள்ள உஷா,

இன்று போனில் நீ கேட்டபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: நம் இயந்திரக் கையின் மணிக்கட்டில் குங்குமம் இருக்கிறது.

"கை ரெடியாடீ?" என்று நீ கேட்டாய். ஸ்பீக்கர் போனைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் சுந்தரேசன் சார் முந்திக்கொண்டு, "தங்கமாட்டம் இருக்கும்மா, வெள்ளிக்கெழமெ ஃப்ளைட் ஏறிடும்" என்றார். பிறகு நீ தனியாக என் பெயரைச் சொல்லி, எல்லாம் சரிதானே என்று மறுபடி கேட்டாய். சரிதான் என்றேன். வாசல் பக்கம் நம் ஃபிட்டர் கோவிந்தப்பா நின்றுகொண்டிருந்தார். உன் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அவர் போனைப் பார்த்தே கும்பிட்டார்.

நாங்கள் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. காவிரிச் சண்டையில் கேபிள்காரர் தமிழ்ச் சேனல்களை நிறுத்திவிட்டதால் சீரியல் பார்க்க முடியவில்லை என்பது அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை. பொழுது போகாமல் நேற்று என் வேலையைப் பற்றி விசாரித்தாள். அந்தக் கை அங்கே போய் என்னதான் செய்யும் என்றாள். செவ்வாயில் இறங்கும் வண்டியால் ஓர் அடிகூட நகர முடியாது, கேமரா பார்க்கும், ஆனால் தொடுவதற்குக் கை மட்டும்தான் உண்டு என்றேன். அது மண்ணைத் தோண்டி அள்ளி, வண்டிக்குள் இருக்கும் சின்ன அடுப்பில் போடும். அடுப்பு அதைச் சுட்டு, அங்கே எப்போதாவது உயிர் இருந்ததா என்று பார்க்கும் என்றேன். "மண்ணு அள்ளவா அவ்ளோ தூரம்? அல்சூர் ஏரியிலயே லாரி லாரியா கெடக்குதே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆயுத பூஜை அன்று வழக்கம்போல லேத், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. நீ வெளிநாடு போகுமுன் இங்கே இருந்த வருடங்களில், கை இருக்கிற தூசி புகாத க்ளீன் ரூமைப் பூட்டி, கதவுக்கு வெளியே நீயே ஒரு பொட்டு வைத்து, உள்ளே இருக்கிற கைக்கும் சேர்த்துத்தான் இது என்று கோவிந்தப்பாவைச் சமாதானம் செய்வாய். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். இந்த வருடம் தட்டு சுற்றி வந்தது. நான் பொரி மட்டும் எடுத்துக்கொண்டேன். கதவுக்குப் பொட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஒரு கிறிஸ்தவப் பெண் அதைச் செய்தால் யார் என்ன நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கோவிந்தப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. அவரே நேற்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. "மத்த மெஷினெல்லாம் இங்கயே இருக்கப்போவுது. இது ஒண்ணுதாம்மா ஆளில்லாத ஊருக்குத் தனியாப் போவுது. அதுக்குப் பூஜெ இல்லேன்னா எப்டி?" அங்கி, தொப்பி, முகமூடி, கையுறை என்று ஒரு விதியையும் விடாமல் போட்டுக்கொண்டு உள்ளே போய், கையுறை விரலால் மணிக்கட்டின் அடிப்புறம் ஒரு சின்னப் பொட்டு வைத்திருக்கிறார். கும்பிட்டுவிட்டு அவரே துடைத்தும் விட்டாராம். "சுத்தமா இருக்கு, நீ வேணும்னா பாரு" என்றார்.

பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டினேன். குங்குமத்தில் மஞ்சள் இருக்கிறது இல்லையா, அது திருகின் மரைக்குள் பச்சையும் மஞ்சளுமாக மினுங்கியது. எறும்பின் தலை அளவுதான் இருக்கும். துணியை விட்டால் இன்னும் உள்ளே பேரிங் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். மணிக்கட்டையே பிரித்தால்தான் எடுக்க முடியும்.

பேரிங் இறுகிப்போனால் கை பாதியில் நின்றுவிடும். அங்கே போய்த் தட்டிவிட ஆள் கிடையாது. அதைவிட இன்னொரு பயம் எனக்கு. அந்தத் துகள் மண்ணோடு சேர்ந்து அடுப்பில் விழுந்தால்? செவ்வாயில் உயிர் இருந்த அடையாளம் கிடைத்துவிட்டது என்று உலகமே கொண்டாடும். அது சிக்பேட்டையில் வாங்கின குங்குமம் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

நாளை சோதனைத் தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கையை வைத்த பெட்டி போகாது. பிரித்துக் கழுவி, மறுபடி எல்லாச் சோதனையும் செய்ய ஆறு வாரமாவது ஆகும். அங்கே உங்கள் ஆட்கள் காத்திருப்பார்களோ, வேறு இடத்தில் செய்துகொள்வார்களோ தெரியாது. ஆனால் கோவிந்தப்பாவுக்கு என்ன ஆகும் என்பது தெரியும். க்ளீன் ரூமில் பிஸ்கட் தின்ற பையனைச் சுந்தரேசன் சார் அன்று மாலையே வேலையை விட்டு அனுப்பியது உனக்கு நினைவிருக்கும்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். போன மாதம் காவிரிக் கலாட்டா நடந்த நாளில் இங்கே கம்பெனிப் பக்கம், பீன்யாவில், பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. தெரு முனையில் ஒரு கும்பல், போகிறவர்களை நிறுத்தி எந்த ஊர், என்ன பாஷை என்று கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கன்னடம் நன்றாக வரும், அன்று நாக்கு எழவில்லை. கோவிந்தப்பாதான் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "பேக பா மகளே" என்று அதட்டினார். சீக்கிரம் வா மகளே என்று. மாவு அரைக்கக் கொடுத்தாயா, தம்பி ஸ்கூலுக்குப் போனானா என்று இல்லாத வீட்டுக் கதையெல்லாம் கன்னடத்தில் உரக்கக் கேட்டுக்கொண்டே என்னைக் கும்பலுக்கு நடுவே கூட்டிப்போனார். ஆட்டோ கிடைக்கும்வரை பையைத் தரவில்லை. அதன் பிறகு தினமும் பஸ் நிறுத்தம் வரை கூடவே வருகிறார். நான் கேட்டதில்லை, அவரும் ஏன் என்று சொன்னதில்லை.

அவரைப் பற்றி நான் எழுதிக் கொடுக்க வேண்டும், உஷா. இந்த ஊரில், இந்த மாதத்தில், ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண், கோவிந்தப்பா பூஜை செய்தது தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதப்போவது பூஜையைப் பற்றி அல்ல, துகளைப் பற்றி என்று எத்தனை பேருக்கு விளங்கும்? அவருக்கு விளங்குமா?

நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு வரும்போதே தெரிகிறது, நீயாக இருந்தால் கதவில் பொட்டு வைத்திருப்பாய்.

மாதா கோயில் மணி அடிக்கிறது. அம்மா ஜெபத்துக்குக் கூப்பிடுகிறாள். உன் சாமியிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல். கோவிந்தப்பாவுக்காகவும் நீயே கேட்டுவிடு. அவருக்காக நான் கேட்பது நியாயமாக இருக்குமா என்று தெரியவில்லை. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

என்றும் உன் அன்பு,
லீனா

19 அக்டோபர்

கடிதத்தை ஒட்டாமலே வைத்திருந்தேன். வியாழக்கிழமை காலை முதலில் கோவிந்தப்பாவிடம் சொன்னேன். விளக்கைப் போட்டுக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு தடவெ தொடச்சேனேம்மா" என்றார். பிறகு, "உனக்கு மட்டும்தானே தெரியுது" என்றார். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சுந்தரேசன் சாரிடம் சொன்னேன். மணிக்கட்டைப் பிரித்தார்கள். மரையில் இருந்தது. பெட்டி போகவில்லை என்பது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும்.

அன்று மாலையே கோவிந்தப்பாவை அனுப்பிவிட்டார்கள். நான் பஸ் நிறுத்தம் வரை தனியாக நடந்தேன்.