உள்ளங்கை அகல ராங்கி

போன ஞாயிற்றுக்கிழமை உடுப்பிட்டிக்கு ஒரு கலியாணத்துக்குப் போனோம். வான் வண்டிக்குள் எனக்குப் பக்கத்தில் இருந்த பேத்தி, கண்ணாடியெல்லாம் பூட்டியிருக்க, நகப்பூச்சுக் குப்பியைத் திறந்துவிட்டாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அம்மப்பாவுக்குச் சத்தி வருதுபோலை, கண்ணாடியைத் திறவுங்கோ" என்று மகள் சாரதியிடம் சொன்னாள். வாந்தியொன்றும் வரவில்லை. நீ வந்தாய். நகப்பூச்சு மணந்தால் மற்ற ஆண்களுக்கு யாராவது ஒரு பெண்ணின் நினைவு வரும். எனக்குச் சிநேகிதன் உன் சவரம் செய்யாத முகம்தான் வருகிறது. இதை யாரிடம் சொல்லுவது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு, கொழும்பு றோட்டுத் திறந்திருந்த அந்தச் சில மாதங்களில்தான், ஜேர்மனியில் இருந்த உன் தம்பி ஊருக்கு வந்த ஒருவரிடம் பார்சல் கொடுத்துவிட்டிருந்தான். இரண்டு சேட்டு, சொக்கிலேற், அம்மாவுக்கு ஒரு போர்வை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கடதாசிப் பெட்டி. மூடியில் சேறு தெறிக்கப் பீரங்கிக் குழலை நீட்டியபடி பாய்ந்து வரும் யுத்த ராங்கியின் படம். திறந்தால் உள்ளே ராங்கி இல்லை. ஈர்க்கு மாதிரியான சட்டங்களில் கொழுவியபடி பச்சைப் பிளாஸ்ரிக் துண்டுகள். சில்லுகள், மூடிகள், குழல், சங்கிலி என்று தனித்தனியாக இருந்தன. வெட்டியெடுத்து ஒட்டினால் உள்ளங்கை அகலத்தில் ஒரு ராங்கி வருமாம். அங்கே வளர்ந்த ஆம்பிளைகளே இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்று தம்பி சொல்லிவிட்டிருந்தான். "என்ரை தம்பிக்கு முழு விசர்" என்று சிரித்தபடி நீ பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தாய்.

ஆனியில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் திரும்பவும் சண்டை தொடங்கியது. கரண்ட் போனது. கொக்குவிலில் ரயில் நின்றது. நீ காணிப்படம் கீறிக்கொண்டிருந்த நில அளவைக் கந்தோரும் பூட்டியது போலத்தான். ஒருநாள் நான் வந்தபோது அலுமாரிக்கு மேலிருந்த பெட்டி மேசைக்கு இறங்கியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, உண்மையைச் சொன்னால். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் நாள் முழுக்க அரிசி நிறுத்துக் கொடுத்து, கிடைக்காத சனத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறேன். குண்டு போடப் பொம்பர் வந்தால் அரிசியையும் தராசையும் விட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடுகிறேன். நீ நகவெட்டியால் பிளாஸ்ரிக் சில்லுகளை வெட்டி, அரத்தாளில் தேய்த்து, ஊதிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

"சனம் செத்துக்கொண்டிருக்குது. நீ உந்தச் சாமானை வைச்சு விளையாடுறியோ?" என்று கத்தினேன்.

நீ நிமிரவில்லை. "மச்சான், எங்கடை மதிலை இடிச்சது இந்தச் சாதிதான். அண்டைக்கு அது என்னைப் பாத்தது. இப்ப நான் அதைப் பாக்கிறன்" என்றாய்.

எண்பத்தேழில் உங்கள் ஒழுங்கையில் இந்திய இராணுவத்தின் ராங்கி ஒன்று திரும்பியபோது வளவு மதிலின் மூலை அப்படியே சரிந்தது. நீயும் அம்மாவும் அடுப்படித் தரையில் படுத்துக் கிடந்தீர்கள். அதற்குப் பிறகு உழவு மெசின் சத்தம் கேட்டாலே நீ சுவரோரமாகப் போய் நின்றுவிடுவாய். அதனால் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். பெட்டிப் படத்தில் சங்கிலிக்கு மேலிருந்த சகதிக்காப்புத் தகடு நேராக இருந்தது. நீ அதன் ஒரு மூலையை மெழுகுதிரியில் வாட்டி வளைத்தாய். உங்கள் மதிலில் மோதியபோது அப்படித்தான் வளைந்ததாம்.

பெட்டியோடு வந்த பசை காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூசனுக்கு அந்தப் பிளாஸ்ரிக் மசியவில்லை. நகப்பூச்சு அதை இளக்கிப் பிடிக்கும் என்று நீ எப்படிக் கண்டுபிடித்தாயோ தெரியாது. சவர்க்காரமே கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் நகப்பூச்சுக்கு எங்கே போவது? என் மனைவியிடம் வந்து நின்றாய். வல்வெட்டித்துறைக்காரி அவள். கலியாணத்துக்கு மாமன் கடல்தாண்டிக் கொண்டுவந்து கொடுத்த சிவப்புக் குப்பியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

"பொம்பிளை ஆரெண்டு சொன்னாத்தான் தருவன் அண்ணை."

"ராங்கிக்கு, தங்கச்சி" என்றாய் நீ, முகத்தை நல்ல பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

அவள் சிரித்த சிரிப்பில் குப்பி கைமாறிவிட்டது. நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில் ஒருவர் கலியாணம் கட்டாமல் ராங்கிக்கு நகம் பூசுகிறார் என்று அவள் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தாளோ. ஒட்டிய இடமெல்லாம் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது. அதைச் சுரண்டியெடுக்க நீ படாத பாடு பட்டாய்.

உன் அம்மாவுக்கு அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்தது. வாசலில் கதிரையைப் போட்டு இருந்து, நீ தேய்க்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். "என்னடா செய்யிறாய்?" என்பார். "ராங்கி அம்மா" என்பாய். அவ்வளவுதான் நீ சொன்னது. கோயிலில் கண்ட பெண்கள், "மகன் இப்ப சும்மாதானே இருக்கிறார்?" என்று கேட்டிருக்கிறார்கள். சும்மா என்ற சொல் அவரைச் சுட்டுவிட்டது. "ஆர் சொன்னது? என்ரை மகன் வீட்டிலை ராங்கி செய்யிறான்" என்று தலையை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் ஊரில் தண்ணீர் நிரப்புவதும் ராங்கிதான், குண்டு அடிப்பதும் ராங்கிதான். அந்தக் கோயில் கதையைக் கேட்டு முதலில் வந்தவர் ஒரு மிளகாய்த் தோட்டக்காரர். தனக்கும் ஒரு தண்ணீர் ராங்கி கட்டித் தர வேண்டும் என்றார். சீமெந்து எங்கே எடுக்கிறீர்கள் என்று உன்னிடம் இரகசியமாகக் கேட்டார். அவர் படலையைத் தாண்டும்வரைக்கும் நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம்.

அடுத்து வந்தவர்கள் பெடியள். இயக்கத்தில் இருந்தவர்களை அந்நாளில் அப்படித்தான் சொல்லுவோம். மண்ணெண்ணெய்ப் புகையோடு இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வளவுக்குள் வந்து நின்றன. இறங்கும்போதே ஒருவன் மாட்டுக் கொட்டில் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, நீங்கள் ராங்கி செய்யிறனீங்களாம். எங்கை வைச்சுச் செய்யிறியள்?" என்று பொறுப்பாளன் மரியாதையாகத்தான் கேட்டான்.

நீ உள்ளே போய் அதை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்தாய். கூட வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொறுப்பாளன் சிரிக்கவில்லை. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேல் மூடியை விரலால் தட்டினான். பின்பக்கத்தை நெடுநேரம் பார்த்தான்.

"படம் கீறுவியளோ?"

"காணிப்படம்தான் தம்பி."

"படம் படம்தானே அண்ணை."

உள்ளேயிருந்து உன் அம்மா, "பிள்ளையளுக்குத் தேத்தண்ணி குடுத்தியே?" என்று கூப்பிட்டுக் கேட்டார். அவன் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, ராங்கியைத் தன் லேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டான். நீ மேசையில் மிஞ்சிக் கிடந்த சட்டத் துண்டுகளைக் கூட்டி அள்ளினாய். உன் அம்மாவோ அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக அவசரப்பட்டார்.

அடுத்த வருட மாரி முடிய அவருடைய கண் மோசமாகியது. கண்ணுக்குள் அழுத்தம், கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டவேண்டும், பிந்தினால் போன பார்வை திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெளியே போவதென்றால் பெடியளிடம் பாஸ் எடுக்கவேண்டும். நீ போய்க் கேட்டாய். அம்மாவுக்குக் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை.

"ராங்கி வேலை தெரிஞ்ச ஆளை வெளியிலை விடேலாது அண்ணை. கூப்பிடுவம், நில்லுங்கோ."

அது விளையாட்டுச் சாமான், நகப்பூச்சால் ஒட்டினது என்று நீ எத்தனை விதமாகச் சொன்னாய். பாஸ் தருகிற இடத்தில் இருந்தவனுக்கு அதெல்லாம் ஏறவில்லை. ஆளுக்கு ராங்கி செய்யத் தெரியும் என்ற ஒன்றுதான் அவனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்கள் உன்னைக் கூப்பிடவும் இல்லை.

நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று முன்வந்தேன். தரைப்பாதை பூட்டியிருந்ததால் கிளாலிக் கடலால் வள்ளத்தில் போகவேண்டிய காலம். உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அவன் வரேல்லையோ?" என்பது.

நீ நிலத்தைப் பார்த்தபடி, "எனக்கு இஞ்சை வேலை கிடக்கு அம்மா" என்றாய்.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "பெடியளின்ரை ராங்கி வேலையோ? அப்ப அது முடியட்டும். முடிஞ்சாப்போலை நாங்கள் ரெண்டு பேருமாப் போவம். எனக்கென்ன அவசரம்?"

"மாமி, கண்ணுக்கு அவசரம்" என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. உன்னை வெளியே இழுத்துக்கொண்டு போய் ஏசினேன். "போய்ச் சொல்லடா. 'உங்கடை வாயாலைதான் எனக்குப் பாஸ் இல்லாமல் போனது' எண்டு சொல்லு. அப்பதான் மனிசி வெளிக்கிடும்."

"சொன்னா, கண் தெரிஞ்சாலும் என்ரை முகத்தைப் பாக்கமாட்டா மச்சான்" என்றாய்.

நீ சொல்லவில்லை. காத்திருந்தாய். ஒருவழியாக உனக்கும் பாஸ் கிடைத்து, கடல் கடந்து, கொழும்பில் வைத்தியர் வெளிச்சம் அடித்துப் பார்த்தபோது இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்றார். உன் அம்மா உன் குரல் வந்த பக்கம் திரும்பி, "பரவாயில்லையடா, நீ ஊருக்கெல்லோ வேலை செய்தனி" என்று உன்னைத் தேற்றினாராம். திரும்பி வந்து இதை என்னிடம் சொன்னபோது நீ அழுதாய். நான் உன்னைத் தேற்றவில்லை. எனக்கு அவ்வளவு கோபம்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்க, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே றோட்டில் இறங்கியது. மழை. கால் வைக்க இடமில்லை. நீ அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தாய். நான் என் குடும்பத்தோடு உனக்குப் பின்னால் வந்தேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள். உன் அம்மா கையை நீட்டித் தடவி அவள் தோளைக் கண்டுபிடித்தார்.

"அழாதை பிள்ளை. என்ரை மகன் ராங்கி செய்தவன். பெடியளே வீடு தேடி வந்தவங்கள். எங்களுக்கு ஒண்டும் வராது."

 "மாமி, உந்தக் கதையாலைதான் உங்கடை..." என்று தொடங்கிவிட்டேன்.

"ஓமம்மா!" என்று நீ என் குரலுக்கு மேலால் கத்தினாய். "பெரிய ராங்கி அம்மா!"

அந்தப் பெண் அழுகையை நிறுத்தி உன்னைப் பார்த்தாள். நனைந்து இடுப்பில் ஒட்டிய சாரமும் சைக்கிளுமாக நின்ற உன்னை அவள் நம்பினாளோ தெரியாது.

தென்மராட்சியில் நாங்கள் ஒதுங்கிய பள்ளிக்கூட விறாந்தையில் வைத்து உன்னைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு காலத்துக்கு இந்த நாடகம் என்று கேட்டேன். நீ அம்மாவின் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாய். "கண் போயிட்டுது. அந்தப் பெருமையும் போயிட்டா மனிசி எதைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறது?" என்றாய். சேலையை உதறிக் கொடியில் விரித்துவிட்டு உள்ளே போய்விட்டாய்.

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவர் முடிந்துபோனார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கடைசிவரை ராங்கிக் கதை சொன்னார். ஒவ்வொரு முறையும் "என்னடா, நான் சொல்லுறது சரிதானே?" என்று கேட்பார். "ஓமம்மா" என்பாய்.

நீ செய்தது சரி என்று இன்றைக்கும் என் வாய் சொல்லாது. சொல்லியிருந்தால் அவர் உன்னைத் திட்டியிருப்பார், தலையில் அடித்து அழுதிருப்பார், பிறகு என்னோடு வள்ளம் ஏறியிருப்பார். கண் இருந்திருக்கும். அவருக்கு எது வேண்டும் என்பதை நீயே தீர்மானித்துவிட்டாய். போன வருடமும் உன் வீட்டு விறாந்தையில் இருந்து இதையே சொல்லிச் சண்டை பிடித்தேன்.  எனக்கு மேலும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றினாய். நீ ஆடியில் போய்விட்டாய், நான் இங்கே கிடந்து தனியாக வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

உன் செத்தவீட்டில், பந்தலுக்குள், உன் கந்தோரில் பிற்காலத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருவன் என் பக்கத்தில் வந்து இருந்தான். குரலைத் தாழ்த்தி, "ஐயா, இவர் அந்தக் காலத்திலை ராங்கி செய்தவராம், உண்மையே?" என்று கேட்டான்.  எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லிவிடவேண்டும் போல இருந்தது. அது எவ்வளவு சின்னது என்றும், அதற்கு என்ன விலை என்றும். சொல்லத் தொடங்கினால் பழி உன் அம்மாவின் வாயில் போய் முடியும்.

"ஓம் தம்பி" என்றேன்.

ஒரே ஒரு தரம்தான் சொன்னேன். அதுவும் உன் அம்மாவை அறியாத ஒருவனிடம். அதற்கே என்னால் அங்கே இருக்க முடியாமல் எழும்பிப் படலைக்கு வெளியே வந்துவிட்டேன். நீ அதை நாளும் பொழுதும், சிரித்த குரலில், பார்வை போன அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். எப்படியடா சொன்னாய்?