அவன் ஏன் நிப்பாட்டினான்

பெப்ரவரி 10, திங்கள்
விடியத் தொடக்கம் ஐஸ்மழை. வேலைக்குப் போகேல்லை. வயித்துத் தழும்பு குளிருக்கு இழுக்குது.

என்ரை லோயர் அம்மா ஃபோன் எடுத்தா. கார்ல்ஸ்ரூவவிலை இருக்கிற ஜேர்மன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உடைச்சுப்போட்டுதாம். குமாருக்கு, என்னைக் கத்தியாலை குத்தின என்ரை புருஷனுக்கு, குடுத்த எட்டு வருஷம் இப்ப இல்லை.

"என்னை ஒரு சொல்லும் கேக்கேல்லையே?"

"அங்கை சாட்சி கேக்கமாட்டினம். கீழை சட்டத்தைச் சரியாப் பாவிச்சவையோ எண்டு மட்டும்தான் பாப்பினம்."

திரும்ப மாநில நீதிமன்றம். வேறை நீதிபதிமார். திரும்ப நான்.

கோப்பையைச் சுவரிலை எறிஞ்சன். பிறகு கூட்டினன்.

பெப். 13
லோயரிட்டைப் போனன். சின்னக் கோர்ட்டுக்கு நாலு வருஷத்துக்கு மேலை குடுக்க ஏலாதாம், அதாலைதான் வழக்கு நேரை மாநிலத்துக்குப் போனது. கார்ல்ஸ்ரூவ கேக்கிறது ஒண்டுதான்: மூண்டு குத்தோடை ஏன் நிப்பாட்டினான்? தானா மனம் மாறி விட்டிருந்தால் கொலை முயற்சி எண்டு தண்டிக்க ஏலாது. காயப்படுத்தினதுக்கு மட்டும்.

மனம் மாறி! பஸ்ஸிலை தனியச் சிரிச்சன்.

பெப். 15
ஹனோவராலை அண்ணை வந்தார். குமார் குத்தின அண்டைக்கு எங்கடை வீட்டிலை தங்கி நிண்டவர். கடைக்குப் போட்டு வந்து ரத்தத்துக்குள்ளாலை என்னைத் தூக்கினது அவர்தான்.

"நான்தான் அவனை இழுத்து விழுத்தி நிப்பாட்டினனான் எண்டு சொல்லுவம்."

"நீங்கள் வரேக்கை அவன் போயிட்டான், அண்ணை."

"ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

மேசையிலை ஓங்கிக் குத்தினார். "வெளியாலை வந்தானெண்டால் உன்னை முடிப்பான்!" பேந்து அழுதார். சோறு ஆறிப்போச்சு.

செப்டம்பர் 17, புதன்
வழக்கு. குமார் மெலிஞ்சிட்டான். நீலச் சேட்டு. என்னைப் பாக்கேல்லை.

நீதிபதி அம்மா: "கடைசிக் குத்துக்குப் பிறகு?"

போன முறை "விழுந்தன், போயிட்டார்" எண்டதோடை சரி. மிச்சம் வாயிலை வரேல்லை.

இண்டைக்குச் சொன்னன். முழங்காலாலை நெஞ்சை அமத்தினான். மூக்கடியிலை கை வைச்சுப் பாத்தான். மூச்சை அடக்கினன். மயிரிலை பிடிச்சுத் தலையை நிலத்திலை அடிச்சான், முழிக்கிறனோ எண்டு. முழிக்கேல்லை. "முடிஞ்சுது" எண்டான். சிங்க்கிலை கை கழுவிப்போட்டுப் போனான்.

மொழிபெயர்ப்பாளர் தண்ணி குடிச்சிட்டுத்தான் அதை ஜேர்மனிலை சொன்னார். குமாரின்ரை லோயர் எழும்பினார்: சண்டை முடிஞ்சுது எண்டும் அர்த்தம் வருமாம். பின்னாலை அண்ணை தூசணத்திலை கத்தினார். அவரை வெளியாலை அனுப்பிப்போட்டினம்.

செப். 24
தீர்ப்பு. கொலை முயற்சிதான். "செத்துப்போனா எண்டு நினைச்சுத்தான் விட்டார்," நீதிபதி அம்மா. திரும்ப எட்டு வருஷம். ஒரு கிழமைக்குள்ளை அவன் கார்ல்ஸ்ரூவவுக்குத் திரும்பவும் அப்பீல் போகலாம்.

வாசலிலை அண்ணை: "இவ்வளவையும் எனக்கேன் சொல்லேல்லை?"

பசிக்குது எண்டன்.