கராஜில் நிற்கும் உன் வண்டி பற்றி

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்பும் மனசுமாக நன்றாக இருக்கிறாயா, ஆபீசில் அந்த ஏ.சி. காற்று இன்னும் நேராக உன் கழுத்தில்தான் அடிக்கிறதா. இங்கே நான் நலம், வீடு நலம், அப்பா முக்கால் நலம். மீதிக் கால் கட்டுப் போட்டு ஸ்டூல் மேல் கிடக்கிறது. உடனே போனை எடுக்காதே, முதலில் இதை முழுதாகப் படி. கணுக்காலில் மயிரிழை விரிசல், ஐந்து வாரம் மாவுக்கட்டு, அவ்வளவுதான் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் கத்துவேன், கத்தினால் நீ அழுவாய், அப்புறம் நானே உன்னைச் சமாதானப்படுத்த வேண்டும், கோபமாக இருப்பவளுக்கு அந்த வேலை எதற்கு. அதனால்தான் காகிதம்.

நீ வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன் மோட்டார் சைக்கிள் கராஜில் சைடு ஸ்டாண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது, துவைக்கும் மிஷினின் கதவைத் திறக்க நான் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் போவேன், ஆனாலும் அது பாட்டுக்கு நின்றது, யார் மேலும் விழவில்லை. நிமிர்த்தி வைத்தால் இடம் மிச்சமாகும், வண்டிக்கும் நல்லது என்று நீதான் சொன்னாய். சொன்னதோடு விடாமல் முன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் அந்த இரும்பு ஸ்டாண்டையும் பார்சலில் அனுப்பினாய். இரண்டு பக்கமும் இரும்புக் கை, நடுவில் ஆடும் ஒரு தொட்டில், சக்கரத்தை உருட்டி ஏற்றினால் தொட்டில் டக்கென்று கவிழ்ந்து பிடித்துக்கொள்ளுமாம். கூட வந்த காகிதத்தைப் படியுங்கள் என்று உன் அப்பாவிடம் மூன்று தடவை சொன்னேன். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் ஆயிற்றே. "பதினாறு மாடிக்கு ஆளுங்கள ஏத்தி இறக்குனவன் நான், ஒரு சக்கரத்த நிறுத்த எனக்குப் படிச்சுக் காட்டுறியா" என்றார். அந்தக் காகிதம் மடிப்புக் கலையாமல் அலமாரிக்குப் போனது.

அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று எல்லாம் முடிந்த பிறகு நான் படித்தேன். தொட்டிலை மாட்ட மூன்று துளை, சக்கரத்தின் அளவுக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். உன் வண்டிக்குக் கடைசித் துளை, அவர் மாட்டியது நடுத்துளை. அதனால் சக்கரம் முழுதாக உட்காராமல் இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் ஆடியது. இரண்டாவது, ஸ்டாண்டைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டதற்கு "தரையில ஒரு ஓட்டை விழுந்தாலும் வீட்டக் காலி பண்ணிடுங்க" என்றுவிட்டாள். அதற்கு உன் அப்பா கண்டுபிடித்த வழி, பழைய மேஜையின் பலகையை வெட்டி அதில் ஸ்டாண்டை முடுக்கியது. முன் சக்கரம் பலகை மேல், பின் சக்கரம் வழவழ தரை மேல். மூன்றாவது, ஹேண்டிலின் இரண்டு பக்கமும் பட்டை போட்டுக் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். பட்டை கட்டினால் பார்க்க நன்றாக இல்லை, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த மாதிரி இருக்கிறது என்றார். சைடு ஸ்டாண்டையும் மடக்கிவிட்டு எட்ட நின்று போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார். நீயும் மூன்று கைதட்டல் பொம்மை அனுப்பினாய். ஒன்பது நாள் நின்றது. தினமும் சாயங்காலம் கராஜுக்குப் போய் அது நிற்பதைப் பார்த்துவிட்டு வருவார், பிள்ளை முதல் முதலாக எழுந்து நின்றால் பார்ப்பார்களே அப்படி.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலையில் இருந்தேன். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் உட்கார வைத்து இந்த எழுத்து தெரிகிறதா அந்த எழுத்து தெரிகிறதா என்று கேட்பவளுக்குச் சொந்த வீட்டில் நடப்பது தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் சைலென்சரைத் துடைக்கக் குனிந்திருக்கிறார், எழும்போது பிடிமானத்துக்கு சீட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார். சக்கரம் தொட்டிலில் நழுவ, பலகை தரையில் வழுக்க, நூற்று எண்பது கிலோ அப்படியே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. நீ விட்டுப்போன புத்தகப் பெட்டி மேல் ஹேண்டில் இடித்து நின்றதால் முழு எடையும் இறங்கவில்லை, இல்லையென்றால் இந்தக் கடிதத்தை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும். இடது கால் மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது. ஐந்தரை மணிக்கு நான் வந்து கராஜ் கதவைத் தூக்கினால் மனிதர் தரையில் மல்லாந்து கிடக்கிறார், தலைக்குக் கீழே துடைக்கிற துணியை மடித்து வைத்துக்கொண்டு. "வந்துட்டியா, கொஞ்சம் எதிர் வீட்டுக்காரரக் கூப்பிடு" என்கிறார், காபி கேட்கிற குரலில்.

எதிர் வீட்டு வெல்டர் ஓடி வந்தார். நானும் அவரும் வண்டிக்கு முதுகைக் கொடுத்துக் காலால் உந்தி நிமிர்த்தினோம். நிமிர்த்தி சைடு ஸ்டாண்டில் சாய்த்த பிறகு அவர் ஸ்டாண்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், "ஐயா, லிஃப்ட்ட கம்பி இல்லாம விடுவீங்களா? இத மட்டும் எந்த தைரியத்துல கட்டாம விட்டீங்க?" என்று கேட்டார். உன் அப்பா தலையைக் குனிந்து துடைக்கிற துணியை உதறி மடித்தார். ஊருக்கே பாதுகாப்பு சொல்லிக்கொடுத்தவர் அப்படித் தலை குனிந்ததைப் பார்க்க எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இனிமேல்தான் உனக்கான விஷயம். டாக்டர் அறைக்கு வெளியே வராந்தாவில் காத்திருந்தபோது வெல்டரின் நம்பரை எடுக்க அப்பாவின் போனைத் திறந்தேன். வியாழன், மூன்று இருபது, உன் பெயர், பதினொரு நிமிடம். எத்தனை மணிக்கு விழுந்தீர்கள் என்று கேட்டேன். மூன்று இருக்கும் என்றார். நீ கூப்பிட்டது காலின் மேல் வண்டி கிடந்த மனிதரை. நீ வழக்கம்போல வண்டி எப்படிப்பா இருக்கு என்று கேட்டிருக்கிறாய், அவர் "ஜம்முனு நிக்குதும்மா" என்று சொல்லியிருக்கிறார். பதினொரு நிமிடம் உன் ஆபீஸ் கதையை எல்லாம் கேட்டிருக்கிறார். கையில் போனை வைத்துக்கொண்டு வெல்டரையும் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை, அவர் வேலையில் இருப்பார், கடையில் ஆள் இருக்கும், தொந்தரவு எதற்கு என்று நினைத்தாராம். எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு காலையும் நானே உடைத்திருப்பேன். விழுந்துவிட்டேன் என்று பெற்ற பெண்ணிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அந்த வராந்தாவிலேயே கேட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குச் சொன்னார், "விழுந்துடுச்சுன்னா வித்துடுங்கப்பான்னு சொல்லிடுவா. வண்டியக் கேக்கத்தான் வாரா வாரம் கூப்பிடுறா. வண்டி போயிட்டா அப்புறம் எதக் கேக்கக் கூப்பிடுவா?"

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை என்று எழுதினால் அது பொய். உன்னையும்தான் சொல்கிறேன். போனை எடுத்ததும் வண்டி, டயரில் காற்று, பேட்டரி, மேலே துணி மூடியிருக்கிறீர்களா. பேச வேறு ஒன்றும் இல்லாததால் அதைக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியும், நானும் உன்னிடம் சாப்பிட்டாயா என்பதைத் தவிர என்ன கேட்கிறேன். ஆனால் அவர் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார். இரண்டு பேரும் ஒரு வண்டியை நடுவில் நிறுத்திக்கொண்டு அதனிடம் பேசினால், மூன்றாவது ஆளாக நான் எதற்கு இந்த வீட்டில்.

வண்டியை நான் விற்கவில்லை. சனிக்கிழமை வெல்டரும் நானுமாக வேலையை முடித்துவிட்டோம். இரண்டு சக்கரமும் ஏறி நிற்கிற மாதிரி நீளமான கனத்த பலகை, அதில் அடியிலிருந்து போல்ட் ஏற்றி ஸ்டாண்டு, தொட்டில் கடைசித் துளையில், இரண்டு பக்கமும் வளையம் அடித்துப் பட்டையால் முன்பக்கம் கொஞ்சம் அமுங்கும்வரை இழுத்துக் கட்டு. வண்டியின் எடையே பலகையை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது, தரையில் ஓட்டை இல்லை, வீட்டுக்கார அம்மாவுக்கும் வாய் இல்லை. சக்கரத்தை உருட்டி ஏற்றியது நான்தான். டக்கென்ற சத்தம் கேட்டது. பிடித்துக் குலுக்கினேன், பலகையோடு சேர்ந்து வீடுதான் ஆடும்போல இருந்தது. உன் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இடதுபுறம் இழு வலதுபுறம் இழு என்று உத்தரவு போட்டார், பட்டையால் அவரையும் சேர்த்துக் கட்டலாமா என்று வெல்டரைக் கேட்டேன்.

இந்த வாரம் கூப்பிடுவாய் இல்லையா, வண்டியைப் பற்றி மட்டும் கேட்காதே. அவரே ஆரம்பிப்பார், விட்டுவிடு. காலைப் பற்றிக் கேள். ஒன்றும் இல்லை என்பார். இன்னொரு தடவை கேள், உன் அம்மா பெரிதுபடுத்துகிறாள் என்பார். சலிக்காமல் மூன்றாவது தடவை கேள், அப்போதுதான் வலிக்கிறது என்ற வார்த்தை வரும். முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டு தடவையோடு நிறுத்திவிடாதே.

எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. கழுத்துக்கு ஒரு துண்டு போட்டுக்கொண்டு வேலை பார். லீவு எப்போது என்று தேதியோடு எழுது, பார்க்கலாம் என்று எழுதாதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உன் அம்மா