இரண்டாவது கையெழுத்து

மார்ச் 3, திங்கள்

மேசையில் பதினொரு ரிப்போர்ட். எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன, மூன்று முறை பார்த்துவிட்டேன். பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன், மறுபடி முதல் பக்கத்துக்குப் போகிறேன். ஜனவரியில் தொடங்கியது. போன வாரத்திலிருந்து ஒன்றில்கூடக் கை வரவில்லை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை. பரிசோதித்தவர் முதலில் கையெழுத்துப் போடுவார், சரிபார்த்தவள் என்று அதன் கீழே நான். இரண்டும் இல்லாமல் ஒரு தாளும் வெளியே போகாது.

மேலாளர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்தான். "மேடம், நீங்க கையெழுத்து போட்டாத்தான் ஊரே தண்ணி குடிக்க முடியும்" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு சிரிக்காமல், "யாரையாவது பாருங்க. மாசக் கடைசி வரைக்கும் சமாளிக்கலாம். அதுக்கு மேல இந்தப் பொறுப்பை வேற ஒருத்தருக்கு மாத்தணும்." ஒரு போன் நம்பரை வைத்துவிட்டுப் போனார். அவர் மனைவி போகும் தெரபிஸ்டாம்.

யாரையாவது! எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 4, செவ்வாய்

அந்த நம்பருக்குப் பேசினேன். பெண். குரலைக் கேட்டால் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். "நமக்குள்ள ஒத்துவருமான்னு ரெண்டு மூணு தடவை வந்து பாருங்க. வரலைன்னா சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்." எத்தனை தடவையில் சரியாகும் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். அல்லது தொழில் தெரியாமல் இருக்க வேண்டும். எது?

மார்ச் 6, வியாழன்

பல் டாக்டர் ஒருவரின் மாடியில் ஓர் அறை. கீழே துளையிடும் சத்தம் ஓயவே இல்லை. படுத்துக்கொள்ளும் சோபா கிடையாது, இரண்டு நாற்காலிதான். எதில் உட்காருகிறேன் என்பதே பரீட்சையோ என்று நின்றேன். "ரெண்டும் ஒண்ணுதான், உட்காருங்க."

நான் சொல்வது வெளியே போகாது, யார் உயிருக்காவது ஆபத்து என்றால் தவிர. ஐம்பது நிமிடம். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். இதுவரை புரிந்தது.

பிரச்சினை, தொடங்கிய தேதி, செய்து பார்த்தவை என்று இரண்டு பக்கம் தட்டச்சு செய்து போயிருந்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "படிக்கிறேன். முதல்ல நீங்களே சொல்லுங்களேன்" என்றார். அதைத்தானே எழுதியிருக்கிறேன்! 'மேடம்' வேண்டாம் என்றேன். அப்ப எப்படிக் கூப்பிடட்டும் என்றார்.

அவர் கொடுத்த படிவத்தில் 'அண்மையில் நேர்ந்த இழப்பு' என்று ஒரு கட்டம். 'அக்கா. செப்டம்பர்' என்று நிரப்பினேன். அந்த இடத்தில் விரலை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

மார்ச் 7, வெள்ளி

தலைவலி. பேசியதற்கா, பேசாததற்கா?

மார்ச் 9, ஞாயிறு

அத்தான் போன் செய்தார். எடுக்கவில்லை. அக்கா போனதிலிருந்து அவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை. 'குளித்துக்கொண்டிருந்தேன்' என்று பிறகு செய்தி அனுப்புவேன். இத்தனை முறை குளிப்பவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 13, வியாழன்

உட்கார்ந்ததுமே, என்ன செய்யணும்னு சொல்லுங்க என்றேன். "இன்னும் எனக்கே தெரியல." மறுபடியும்!

எரிச்சலில் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் அக்காவின் சுவாச இயந்திரத்தை நிறுத்தக் கையெழுத்துப் போட்டது நான்தான். தாளை நீட்டினார்கள், போட்டேன். அரை மணி நேரத்தில் போய்விட்டாள். அதனால்தான் கை வரவில்லை என்று முடிச்சுப் போடுவார் என எதிர்பார்த்தேன். அந்த முடிச்சை நான் என்றைக்கோ போட்டுவிட்டேன். போட்டு என்ன? கை வரவில்லையே.

அவர் கேட்டதோ, "அப்ப உங்ககூட யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல."

"யாருமேவா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று கத்திவிட்டேன். நான். கீழே துளையிடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 14, வெள்ளி

இனி போவதாக இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

பச்சைத் திரை ஞாபகம் இருக்கிறது. நூல் கட்டிய பேனா ஞாபகம் இருக்கிறது. அத்தான்? அவர் எங்கே இருந்தார்? வெளியே போயிருந்தாரா? அவர் இல்லாமலா என்னிடம் நீட்டியிருப்பார்கள்? போன வருடம் வந்த தண்ணீர் மாதிரிகளின் எண்ணெல்லாம் எனக்கு மனப்பாடம் — இது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? என்னடி ஆச்சு உனக்கு?

மார்ச் 20, வியாழன்

போனேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "கோபம் வந்தா இங்க காட்டலாம். நானும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்றார். ஆரம்பத்தில் சிலருக்கு இன்னும் மோசமாகலாம் என்று முதல் நாளே சொன்னாராம். என் காதில் விழவில்லை.

அத்தானிடம் கேட்கட்டுமா என்றேன். கேள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "கேட்டா என்ன ஆகும்னு பயப்படறீங்க?"

"ஏன் போட்டேன்னு கேப்பார்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மார்ச் 23, ஞாயிறு

நானே கூப்பிட்டேன்.

"குளிச்சு முடிச்சாச்சா?" என்றார். சிரித்தேன். சிரிப்பு எங்கேயோ போய் அழுகையாக முடிந்தது.

அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். "நான் கையெழுத்து போட்டேன்னுதானேம்மா நீ பேசாம இருக்க?"

"நீங்களா? நான்தானே அத்தான் போட்டேன்!"

"என்ன சொல்ற? நான்தான் போட்டேன். சாட்சிக்கு ஒருத்தர் வேணும்னாங்க, நீ கீழ போட்ட. அந்தப் பேனாகூட எழுதல, நீ உதறிக் குடுத்த."

தன்னிடம் இருந்த நகலைப் படம் எடுத்து அனுப்பினார். மேலே அவர் பெயர், கோணல்மாணலாக. கீழே என்னுடையது — நேராக, ரிப்போர்ட்டில் போடுவது போலவே.

ஆறு மாதம். அவரும் தன் கையெழுத்துக்காகத்தான் நான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டு, தனியாக, அந்த வீட்டில்.

நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. பாரத்தை அவர் தலையில் வைத்துவிட்டு நான் நழுவிய மாதிரி இருக்கிறது. கீழே போட்டாலும் போட்டதுதானே?

மார்ச் 27, வியாழன்

படத்தைக் காட்டி, நீங்க சொன்னது சரியாப் போச்சு என்றேன். "நான் எதுவும் சொல்லலையே. கேட்டேன்."

நான் தட்டச்சு செய்து கொடுத்த அந்த இரண்டு பக்கத்தைத் திருப்பி வாங்கிப் படித்தேன். தேதிகள், வரிசை, எல்லாம் சுத்தம். 'அக்கா' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

மார்ச் 31, திங்கள்

மேசையில் முப்பத்தெட்டு. மேலே இருந்ததைப் பரிசோதித்த பெண்ணைக் கூப்பிட்டேன். "ஏதாவது தப்பா மேடம்?"

"ஒண்ணுமில்ல. பக்கத்துல உக்காரு."

அவள் பெயரைப் படித்தேன். அதன் கீழே போட்டேன். ஒன்று. பிறகு இன்னும் மூன்று. ஐந்தாவதில் கை நின்றுவிட்டது. மேலாளர் வந்து எண்ணிப் பார்த்தார். "நாளைக்கும் இந்தப் பொண்ணு இங்கயே உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொறுப்பை மாற்றுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. மாற்றவில்லையா, மறந்துவிட்டாரா?

வியாழக்கிழமை அத்தான் என்னைக் கொண்டுபோய் விடுகிறாராம். கீழே இருக்கும் பல் டாக்டரிடம் அவருக்கும் ஒரு பல்லைக் காட்ட வேண்டுமாம். அவருக்கு ஒரு பல்லிலும் குறையில்லை. வரட்டும்.