புளிக்குது என்று சொல்ல ஆளில்லை

நிகினாவின் அப்பாவுக்கு,

சலாம். நீங்களும் அத்தையும் குழந்தையும் சுகந்தானே? நான் நலம். கசானில் ரஷ்யப் பனி விழத் தொடங்கிவிட்டது, ஆனால் தையல்கூடத்துக்குள் கதகதப்புதான்.

ஞாயிறன்று இங்குள்ள சந்தையில் சும்மா நடந்தேன். கல்யாணமான புதிதில் கையில் காசில்லாமல் சமர்கந்து சந்தையைச் சுற்றுவோமே, அதே நடை. ருசி பார்க்கக் கொடுப்பதை எல்லாம் தின்றுகொண்டே போவோம். நான் "நல்லாருக்கே" என்பேன். நீங்கள் முகத்தைச் சுளித்து "புளிக்குது, வா" என்பீர்கள். உடனே அடுத்த கடை.

அந்த நினைப்பிலேயே, நம் ஊர்க் கடைக்காரர் ஒருவர் நீட்டிய உலர்ந்த ஆப்ரிகாட்டை வாயில் போட்டு, இடப்பக்கம் திரும்பி "நல்லாருக்கே" என்றேன்.

"யாருகிட்டக்கா சொல்றீங்க? பக்கத்துல ஆளே இல்லியே" என்றார் கடைக்காரர்.

"வருவாரு. மென்னுக்கிட்டே மெதுவாத்தான் வருவாரு" என்றேன். இருவரும் சிரித்தோம். புளிக்குது என்று சொல்ல ஆளில்லாமல் அரைக் கிலோ வாங்க வேண்டியதாகிவிட்டது. தேனாக இனிக்கிறது, தீரவே மாட்டேன் என்கிறது.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். உங்களுடையதே போதும், பெரிதாக இருந்தால் பரவாயில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. வரும் ஞாயிறு நீங்களும் சந்தைக்குப் போங்கள். எவ்வளவு இனித்தாலும் புளிக்குது என்று சொல்லுங்கள். பின்னால் வரும் அந்த "வா"வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மவ்ஜூதா